இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு செரிமானம்: சீன மருத்துவ முறைகள் பற்றி வடசென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். 31 வருடம் அறுவை சிகிச்சை வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு வருடத்துக்கு முன் என் அண்ணனுக்கே இரைப்பை முழுவதையும் எடுத்தார்கள். அன்றைக்குத்தான் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எப்படி என்று தெரிந்தது. இராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று பல இடங்களிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியோடு வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதுகிறேன். முதல் கேள்வி பெரும்பாலும் "அக்குபஞ்சர் போடலாமா சிஸ்டர்?" என்பதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், சிலது உண்மையிலேயே உதவும். ஆனால் சாப்பாடு, நடை, பி12 ஊசி, கீமோ இந்த நான்கில் ஒன்றைக்கூட அதற்காக விடக்கூடாது.

ஆபரேஷனில் உள்ளே என்னதான் செய்திருக்கிறார்கள்?

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். 'டோட்டல் காஸ்ட்ரெக்டமி' என்றிருந்தால் இரைப்பை முழுவதும் போய்விட்டது, உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு தைத்திருக்கிறார்கள். 'டிஸ்டல்' அல்லது 'சப்டோட்டல்' என்றிருந்தால் மேல்பகுதி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 'பில்ரோத்', 'ரூ-என்-ஒய்' என்பவை மிச்சத்தை எப்படி இணைத்தார்கள் என்பதைச் சொல்லும் பெயர்கள். பில்ரோத் 1881-ல் வியன்னாவில் இந்த அறுவையை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டிய டாக்டர்.

இரைப்பை என்பது சாப்பாட்டைப் பிடித்து வைத்து, அரைத்து, குடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிற ஒரு மடை. மடை போனபின் தண்ணீர் எப்படிப் பாயுமோ அப்படித்தான் இனி சாப்பாடு குடலுக்குள் பாயும். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

நாலு நாளாச்சு, காத்து பிரியவில்லை. குடல் வேலை செய்யாமலே போய்விடுமா?

போகாது. வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டாலே அது சில நாள் மரத்துப்போய்க் கிடக்கும். சிறுகுடல் பெரும்பாலும் ஒரே நாளில் விழித்துக்கொள்ளும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வலிக்குப் போடும் மார்ஃபின் வகை மருந்து, இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது, படுக்கையை விட்டு எழாமல் இருப்பது எல்லாம் அதை இன்னும் தள்ளிப்போடும். அதனால்தான் இன்று பல மருத்துவமனைகளில் மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். கொடுமை செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

அக்குபஞ்சர் அந்தக் குடலை எழுப்புமா?

எழுப்ப உதவலாம் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஆதாரம் இரைப்பை அறுவையில் கிடைத்ததல்ல, பெருங்குடல் அறுவையில் கிடைத்தது. இதைச் சொல்லாமல் விடுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

2013-ல் ஹாங்காங்கில் 165 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. பெருங்குடல் புற்றுக்கு லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, அறுவை ஆனவர்கள் அவர்கள். ஊசியில் மெல்லிய மின்சாரம் கொடுக்கும் 'எலக்ட்ரோ அக்குபஞ்சர்' பெற்றவர்களுக்குக் குடல் சீக்கிரம் இயங்கியது. 2022-ல் சீனாவில் 248 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், ஊசி போட்டவர்கள் அறுவைக்குப் பின் சராசரியாக 76 மணி நேரத்தில் முதல் தடவை மலம் கழித்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பொய்யாக ஊசி போடப்பட்டவர்களுக்கு 90 மணி நேரம் ஆனது. அரை நாள் வித்தியாசம். வயிறு உப்பி மூச்சு முட்டிக் கிடக்கிறவருக்கு அரை நாள் பெரிய விஷயம். இரைப்பைப் புற்றுக்கே நடந்த ஆய்வு என்றால் 2017-ல் தென்கொரியாவில் இருந்து வந்த ஒன்றைச் சொல்லலாம். அதில் இருந்தவர்கள் மொத்தம் 36 பேர். குடல் நகர்வில் முன்னேற்றம் தெரிந்தது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எனக்கும் உங்களுக்கும் உறுதி கொடுக்க முடியாது.

எப்படி வேலை செய்கிறது? முழங்காலுக்குக் கீழே 'ட்சூசான்லி' என்ற புள்ளி, நம் ஊர் அக்குபஞ்சர்காரர்கள் எஸ்.டி. 36 என்பார்கள். அங்கே தூண்டினால் வேகஸ் என்ற நரம்பு வழியாகச் செய்தி போகிறது என்று எலிகளில் 2021-ல் காட்டினார்கள். ஆனால் இரைப்பையை எடுக்கும்போது அந்த வேகஸ் நரம்பின் கிளைகளையே பெரும்பாலும் வெட்டவேண்டி வருகிறது. அதனால் எலியில் கண்டது அப்படியே நம் ஆளுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வார்டில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். காசிமேட்டுக் கடல்தொழிலாளி ஒருவர், அறுபது வயது இருக்கும். ஐந்தாம் நாளும் வயிறு தவில் மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. அவர் மனைவி கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, யாரோ சொல்லிக்கொடுத்தபடி இரண்டு காலிலும் அந்தப் புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்து டிரிப்ஸில் ஏற்றினோம். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நாலு தடவை நடந்தார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, "சிஸ்டர், காத்து போயிடுச்சி!" என்று அந்தம்மா போட்ட சத்தத்தில் வார்டே எழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். எது எழுப்பியது? பொட்டாசியமா, நடையா, கட்டைவிரலா? எனக்கு அன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தம்மா விரலை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஊசி பயம். வீட்டிலேயே விரலால் அழுத்தலாமா?

அழுத்தலாம். எஸ்.டி. 36 கண்டுபிடிப்பது சுலபம். முழங்கால் சிப்பிக்குக் கீழே நோயாளியின் நாலு விரலைச் சேர்த்துப் படுக்க வையுங்கள். அது முடியும் இடத்தில், முன்கால் எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளிப்பக்கம் நகருங்கள். அழுத்தினால் ஒரு மந்தமான வலி தெரியும். இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி விட்டுவிட்டு, அடுத்த காலுக்குப் போங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்யலாம்.

காலில் வீக்கம், ஒரு பக்கக் கெண்டைச்சதையில் வலி, சூடு இருந்தால் தொடவே வேண்டாம். அது இரத்தக்கட்டாக இருக்கலாம், அமுக்கக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். வயிற்றில் உள்ள புள்ளிகள் எதையும் தையல் ஆறி டாக்டர் சரி என்று சொல்லும்வரை யாரும் அழுத்தக் கூடாது. வயிற்றில் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று வருகிற உறவினர்களுக்கும் இதே பதில்தான்.

குமட்டலுக்கு?

சீன முறைகளில் எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது இதில்தான். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு நரம்பு மாதிரி தெரியும் தசைநார்களுக்கு நடுவில் உள்ள புள்ளி பி.சி. 6. அறுவைக்குப் பின் வரும் குமட்டல், வாந்திக்கு இந்தப் புள்ளியைத் தூண்டுவது பற்றி 59 ஆய்வுகளை, 7,667 பேரைச் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2015-ல் தொகுத்தது. வாந்தி மாத்திரைக்குச் சமமாக வேலை செய்கிறது என்று தெரிந்தது. கீமோ குமட்டலுக்கும் பலர் இதைச் செய்கிறார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த வாந்தி மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே செய்யுங்கள். கட்டைவிரலால் இரண்டு நிமிடம், இரண்டு கையிலும்.

ஆனால் பச்சையாக, பித்தம் மாதிரி, வயிறு உப்பலோடு வரும் வாந்திக்கு இது மருந்தல்ல. அதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

சீன மூலிகைக் கஷாயம், பொடி எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறதே?

இங்கேதான் நான் கடுமையாகப் பேசுவேன். ஊசியும் விரலும் வேறு, வாய் வழியே உள்ளே போவது வேறு.

நல்லது இருக்கிறதை முதலில் சொல்கிறேன். சீன மருத்துவத்திலிருந்து ஜப்பானுக்குப் போன 'டைகென்ச்சூட்டோ' என்ற மருந்தில் சுக்கு, ஜப்பானிய மிளகு, ஜின்செங் வேர் மூன்றும் மால்ட் சர்க்கரையும் இருக்கின்றன. ஜப்பானில் அலோபதி டாக்டர்களே இதை எழுதிக்கொடுக்கிறார்கள், தொழிற்சாலையில் ஒரே அளவாகத் தயாராகிறது. இரைப்பை முழுவதையும் எடுத்த 245 பேரைச் சேர்த்து அங்கே ஒரு ஆய்வு நடந்து 2015-ல் வெளிவந்தது. மலம் கழிக்கும் நேரம் கொஞ்சம் முன்னால் வரும் போக்குத் தெரிந்தது. காத்து பிரியும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 'ரிக்குன்ஷிட்டோ' என்ற இன்னொன்று பசிக்காகப் பேசப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. இரைப்பை போனால் பசியும் போவது இதனால்தான். உங்கள் ஆள் "எனக்கு பசியே இல்ல" என்றால் அடம் பிடிக்கிறார் என்று திட்டாதீர்கள். ரிக்குன்ஷிட்டோவில் அதிமதுரம் இருக்கிறது. அதிகமானால் அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கும், பிரஷரை ஏற்றும்.

இப்போது ஆன்லைன் பொட்டலம். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் டாக்டருக்கும் தெரியாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்குச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயர் ஒத்த இரண்டு மூலிகைகள் மாறிப்போனதுதான் காரணம். மாறி வந்தது நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றையும் உண்டாக்கும். ஒரு புற்றிலிருந்து பிழைத்து வந்தவருக்குத் தெரியாத பொட்டலத்தைக் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சொந்தக்காரர் அன்போடு கொண்டுவந்தாலும் இதே கணக்குதான்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஜின்செங், டாங்குய் போன்ற சீன மூலிகைகள் கூடவே கூடாது.

அப்போ நம் வீட்டுச் சுக்குக் கஷாயம்?

சமையலில் போடும் அளவுக்குச் சுக்கு, இஞ்சி, சீரகம் எதுவும் தப்பில்லை. ஆனால் சுக்குக் காப்பியில் கருப்பட்டியைக் கரைத்துப் பெரிய டம்ளரில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இனிப்புத் தண்ணீர் மடையில்லாத குடலில் ஒரே பாய்ச்சலாகப் பாயும். இனிப்பில்லாமல், கால் டம்ளர், சாப்பாட்டுக்கு நடுவில் இல்லாமல் தனியாகக் கொடுங்கள்.

மலம் வரவில்லை. நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி கேட்டு வாங்கலாமா?

வேண்டாம். ரேவல்சின்னி சீனர்களின் பழைய பேதி மருந்து, பெயரிலேயே 'சீனா' இருக்கிறது. சீன மருத்துவமனைகளில் இதைச் சேர்த்த கஷாயங்களை அறுவைக்குப் பின் கொடுப்பதுண்டு, ஆனால் ஸ்கேன் பார்த்து, அறுவை டாக்டர் பக்கத்தில் இருக்கக் கொடுக்கிறார்கள். தையல் போட்ட இணைப்பு கசிந்துகொண்டிருந்தாலோ குடல் எங்கேயாவது முறுக்கியிருந்தாலோ, பேதி மருந்து உயிருக்கே ஆபத்தாகும். மலச்சிக்கல் என்றால் அறுவை டாக்டர் சொல்லும் மருந்தை மட்டும் கொடுங்கள்.

மாக்ஸா என்று ஏதோ பற்றவைத்துச் சூடு காட்டுகிறார்களே?

மாக்ஸா என்பது ஒரு வகை மாசிபத்திரி இலையைக் காயவைத்து இடித்துப் பஞ்சு மாதிரி ஆக்கிச் சுருட்டுவது. பூக்கடையில் வாங்கும் மரிக்கொழுந்தும் அதே இனம்தான், வாசனையிலேயே உறவு தெரியும். சுருட்டின் நுனியைப் பற்றவைத்து, தோலைத் தொடாமல் புள்ளிக்கு மேலே பிடித்துச் சூடு காட்டுவார்கள். இதமாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள்.

எனக்கு ஒரு பயம் உண்டு. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கை கால் விரல்களை மரக்கச் செய்யும். சர்க்கரை நோய் இருந்தாலும் அப்படித்தான். மரத்த காலில் சூடு தெரியாது, தோல் வெந்தபிறகுதான் தெரியும். கீமோ காலத்தில் அந்தப் புண் ஆறவும் ஆறாது. அதனால் கால் மரத்தவர்களுக்கு மாக்ஸா வேண்டாம். நம் ஓட்டு வீடுகளிலும் சின்ன ஃபிளாட்டுகளிலும் அந்தப் புகை வேறு அடைத்துக்கொள்ளும். தோலில் கிண்ணம் கவிழ்த்து இழுக்கும் கப்பிங் பற்றியும் கேட்கிறார்கள். வயிற்றுப் பக்கம் கூடாது.

சாப்பிட்ட பத்து நிமிடத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு கலக்குகிறது. இதற்கு எந்தப் புள்ளி?

புள்ளி வேண்டாம், தட்டை மாற்றுங்கள். இதற்குப் பெயர் 'டம்பிங்'. சாப்பாடு, அதிலும் இனிப்பு, ஒரே பாய்ச்சலில் குடலுக்குள் விழுந்ததும் உடம்பிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு வரும். இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை சட்டென்று ஏறி, அதற்கு உடம்பு அதிகமாக இன்சுலினைக் கொட்டி, பிறகு சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும்.

அண்ணனுக்கு மூன்றாம் மாதம் ஒரு கல்யாணத்தில் வந்தது. ஒரே ஒரு ஜாங்கிரியும் ஒரு டம்ளர் பாயசமும். கை கழுவும் இடத்துக்குப் போகும் முன்பே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஹார்ட் அட்டாக் என்று எல்லோரும் ஓடி வந்தார்கள். கீழே உட்காரவைத்து, சாய்த்துப் படுக்க வைத்தேன், அரை மணியில் சரியானார். அதற்குப் பிறகு அவர் பாயசம் தொடவில்லை, அந்த மாதிரியும் வரவில்லை.

ஒரு நாளைக்கு மூன்று வேளைக்குப் பதில் ஆறு சின்ன வேளை. தண்ணீர், மோர், டீ எதையும் சாப்பாட்டோடு குடிக்காமல், அரை மணி முன்போ பின்போ. முட்டை, மீன், பருப்பு முதலில், சாதம் பிறகு. டீக்கடை சர்க்கரை டீ, கரும்புச்சாறு, குளிர்பானம் வேண்டாம். சாப்பிட்டபின் டம்பிங் வருகிறவர்கள் கால் மணி நேரம் சாய்ந்து படுக்கலாம். ஆனால் எதுக்களித்து நெஞ்சு எரிகிறவர்கள் தலையை உயர்த்தியே படுக்க வேண்டும்.

சீனர்களும் கஞ்சிதான் கொடுப்பார்களாமே?

ஆமாம், சீன வைத்தியத்தில் நோயாளிக்கு முதல் உணவு அரிசிக் கஞ்சி. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'காஞ்சீ' என்ற பெயரே நம் கஞ்சியிலிருந்து போனதுதான். இதில் அவர்களுக்கும் நமக்கும் வாதமே இல்லை. ஜப்பானிலும் இரைப்பை அறுவைக்குப் பின் நீர்த்த கஞ்சியில் தொடங்கி நாளுக்கு நாள் கெட்டியாக்கிக்கொண்டே போகிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் நொய்யைக் குழைய வேகவைத்து, ஸ்பூனில் எடுத்தால் ஒழுகாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வேளைக்கு அரை கிண்ணம், இருபது நிமிடமாவது ஆகட்டும். வெறும் கஞ்சியிலேயே வாரக்கணக்கில் வைத்திருப்பது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. எடை கரைந்துவிடும், முட்டையும் மீனும் அதில் சேரவேண்டும். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மீனுக்கு என்ன குறை? கிழங்கா மீனை முள் பார்த்து எடுத்து, காரமில்லாமல் வேகவைத்து உதிர்த்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள். கீரைத் தண்டு, முருங்கைக்காய் சக்கை, ஆரஞ்சுச் சுளையின் தோல் இவற்றைத் துப்பிவிடச் சொல்லுங்கள். இரைப்பை கொஞ்சம் மிச்சம் இருப்பவர்களுக்கு நார் உருண்டு கட்டியாக அடைத்துக்கொள்ளும்.

பி12 ஊசிக்குப் பதில் அக்குபஞ்சர் போதும் என்கிறார்கள். உண்மையா?

பொய். பி12 உடம்பில் சேர இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரைப்பை முழுவதும் போனால் அந்தப் புரதம் இல்லை, சாதாரணமாகச் சாப்பிடுவதில் இருக்கும் பி12 உடம்பில் ஒட்டாது. எந்தப் புள்ளியில் குத்தினாலும் அந்தப் புரதம் திரும்ப வராது. ஆயுள் முழுக்க டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஊசி போட வேண்டும்.

ஏமாற்றுவது எதுவென்றால், கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்கும். அதனால் ஊசியை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் ஆகாது. என் தெருவிலேயே ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். சிகிச்சை தருகிற ஆள் ஒருவர், "மாத்திரை, ஊசி எல்லாம் விஷம், எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க" என்று சொன்னதை நம்பினார். இரண்டரை வருடம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒருநாள் அவர் மனைவி என்னிடம் சொன்னது: "அக்கா, கால்ல செருப்பு கழண்டு விழுந்தா அவருக்குத் தெரியவே மாட்டேங்குது. பின்னாடி நான்தான் எடுத்துகினு வரேன்." டார்ச் வைத்துக் கண்ணாலே பார்த்தால்தான் இருட்டில் காலெடுத்து வைக்கிறார். மறுநாளே அழைத்துக்கொண்டு போனேன், ஊசி திரும்பத் தொடங்கினார்கள். இரத்த அளவு ஏறியது. கால் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. இந்த ஒன்றை எழுதுவதற்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன்.

இரும்பு, கால்சியம், வைட்டமின் டி அளவையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள்.

கீமோ நடக்கும்போது அக்குபஞ்சர் ஊசி போடலாமா?

கேபெசிட்டபின் மாத்திரையும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்து ஆறு மாதம் ஓடும் சிகிச்சை பலருக்கு உண்டு. அந்தக் காலத்தில் இரத்த அணுக்கள் இறங்கும். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தாலோ, வெள்ளணு மிகவும் குறைந்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ ஊசி வேண்டாம். கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் கொண்டு போங்கள். அதைக் கேட்காமலே ஊசியை எடுக்கிறவரிடம் உட்காராதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் கொடுக்கும் ஊசி கூடாது.

யாரிடம் போவது?

அக்குபஞ்சரை மத்திய அரசு 2019-ல் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் போர்டு மாட்டியிருக்கும் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் இல்லை. இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபஞ்சரும் ஒரு பாடம். அரும்பாக்கத்தில் அரசு யோகா இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து போக, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அரும்பாக்கத்தில் இறங்கிவிடலாம், லிஃப்ட் இருப்பதால் படியேறும் சிரமம் இல்லை.

எங்கே போனாலும் மூன்று விஷயம் கேளுங்கள். ஊசி புதிதாகப் பிரித்து, ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடுவதா? வயிற்று அறுவை ஆனது தெரிந்து எந்த இடங்களைத் தவிர்ப்பார்? டாக்டர் மருந்தைப் பற்றி என்ன சொல்கிறார்? மூன்றாவதற்கு "நிறுத்துங்க" என்று பதில் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

அறுவை டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே?

சிலர் சலித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்லுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை குடல் அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. அங்கே என்றாலும் வேறு எங்கே என்றாலும், ஓ.பி.யில் கூட்டம் அதிகம், பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: "வாரம் இரண்டு நாள் கால், கையில் அக்குபஞ்சர். வாய்க்கு எதுவும் இல்லை." அவர் ஒரு பார்வையில் படித்துவிடுவார்.

எதற்கெல்லாம் காத்திருக்காமல் ஓட வேண்டும்?

வயிறு உப்பி வாந்தியும் நிற்காமல், காத்தும் மலமும் போகாமல் இருந்தால். காய்ச்சலோடு நாடித்துடிப்பு வேகமாக இருந்தால், அறுவை ஆன முதல் இரண்டு வாரத்தில் இது இணைப்புக் கசிவாக இருக்கலாம். கறுப்பாகத் தார் மாதிரி மலம் போனால். ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால். சாப்பாடு திடீரென்று தொண்டைக்குக் கீழே இறங்காமல் நின்றால். ராத்திரி இரண்டு மணி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரம்ஜான் நோன்பு வைக்கலாமா?

மண்ணடி, இராயபுரம் பக்கத்துச் சகோதரிகள் வருடாவருடம் கேட்பது. ஆறு வேளை சாப்பிட வேண்டியவர், நாள் முழுக்க ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு இஃப்தாரில் பேரீச்சம்பழமும் சர்பத்தும் ஒரே நேரத்தில் எடுத்தால் டம்பிங் நிச்சயம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே விலக்கு இருக்கிறது. உங்கள் இமாமிடம் கேளுங்கள், டாக்டர் சொன்னதையும் சொல்லுங்கள். சஷ்டி, சனிக்கிழமை விரதம் இருக்கும் அம்மாக்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ்?

கீமோ முடிந்து இரத்த அணுக்கள் சரியாக இருந்தால், கொடுக்கலாம். வீதியில் பெரிய அண்டாவில் ஊற்றுவதைவிட, நம் வீட்டில் காய்ச்சியது நல்லது. கெட்டியாக, மோர் கொஞ்சமாக, அரை சொம்புக்கு மேல் வேண்டாம். கருவாட்டுக் குழம்பு காரத்தைக் குறைத்துத் தொட்டுக்கொள்ளலாம், முள்ளைப் பார்த்து. அண்ணன் போன ஆடியில் கோயில் திண்ணையில் உட்கார்ந்து அரை சொம்பு கூழைக் குடித்து முடிக்க முப்பத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். அதற்குள் நாங்கள் எல்லோரும் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டோம்.